சந்தாதாரர் கணக்கை மட்டும் வைத்து கோர் நெட்வொர்க்கை விரிவாக்காதீர்கள்: பீகார் சர்க்கிள் அனுபவம்

"எத்தனை லட்சம் சந்தாதாரருக்கு கெபாசிட்டி போடணும்?" என்று யாராவது கேட்டால் உடனே ஒரு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். 2007-லிருந்து 2011 வரை பாட்னாவில் இருந்துகொண்டு பீகார் சர்க்கிளின் கோர் நெட்வொர்க், அதாவது டவர்களுக்குப் பின்னால் கால்களை இணைத்துவிடும் மைய இயந்திரங்கள், அவற்றின் விரிவாக்கத்தில் வேலை பார்த்தேன். சர்க்கிள் என்பது டெலிகாம் லைசென்ஸ் தரும் பகுதி; பீகார் சர்க்கிள் என்றால் ஜார்க்கண்டும் சேர்த்துத்தான். அந்த வருஷங்களில் நான் கற்றுக்கொண்டதில் பாதி, இந்தக் கேள்வி ஏன் தப்பான கேள்வி என்பதைப் பற்றியதுதான்.

அந்தக் காலத்து வளர்ச்சியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 2009 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் சுமார் 39 கோடி மொபைல் இணைப்புகள். அடுத்த மார்ச்சில் 58 கோடி, அதற்கடுத்த மார்ச்சில் 81 கோடி. இரண்டு வருஷத்தில் இரட்டிப்புக்கும் மேல். இதில் பெரிய பங்கு மெட்ரோக்களில் இருந்து வரவில்லை. அதுவரை போனே இல்லாமல் இருந்த பீகார், உத்தரப்பிரதேசம் மாதிரி மாநிலங்களின் கிராமங்களில் இருந்து வந்தது. கால்களை இணைக்கும் ஸ்விட்ச்சான ஒரு எம்எஸ்சிக்கு ஆர்டர் போட்டு, அது கப்பலில் வந்து, கஸ்டம்ஸ் தாண்டி, ரேக்கில் ஏறி, டெஸ்ட் முடிவதற்குள் எந்தக் கணக்கின் பேரில் ஆர்டர் போட்டோமோ அந்தக் கணக்கு பழசாகியிருக்கும்.

சரி, சந்தாதாரர் எண்ணிக்கையில் என்ன பிரச்சனை? வழக்கமான கணக்கு இப்படித்தான் போகும்: நாளிலேயே நெரிசல் அதிகமான பிஸி ஹவரில் ஒருவருக்கு 25 மில்லி எர்லாங் (ஒரு லைன் முழு மணி நேரமும் பிஸியாக இருந்தால் ஒரு எர்லாங்), அதாவது அந்த ஒரு மணி நேரத்தில் 90 விநாடி பேச்சு. 10 லட்சம் பேருக்கு 25,000 எர்லாங். இதை வைத்து ட்ரங்க் (ஸ்விட்ச்சுகளுக்கு இடையிலான பேச்சு லைன்கள்) போடலாம், மீடியா கேட்வே (பேச்சைக் கடத்தும் பெட்டி) போடலாம், தப்பில்லை. ஆனால் எம்எஸ்சியின் ப்ராசசருக்கு எர்லாங் தெரியாது, அதற்குத் தெரிந்தது கால் அட்டெம்ப்ட் மட்டும்தான். அந்த 90 விநாடியை ஒருவர் ஒரே காலில் பேசினால் 10 லட்சம் பேருக்கு மணிக்கு 10 லட்சம் அட்டெம்ப்ட். முப்பது முப்பது விநாடியாக மூன்று காலில் பேசினால் 30 லட்சம். எர்லாங் அதேதான், ப்ராசசருக்கு வேலை மூன்று மடங்கு.

எங்கள் சர்க்கிளில் நடந்தது அதற்கும் மேலே. மிஸ்டு கால். ஊர் முழுக்க மிஸ்டு காலிலேயே பேசிக்கொண்டது என்று சொன்னால் மிகையில்லை. ஒரு ரிங் விட்டால் கிளம்பிட்டேன், இரண்டு ரிங் விட்டால் கூப்பிடு என்று வீட்டுக்கு வீடு தனிக் கணக்கு வைத்திருந்தார்கள். கையில் பத்து ரூபாய் ரீசார்ஜை வைத்துக்கொண்டு மாதத்தை ஓட்டுகிறவர் வேறு எப்படிப் பேசுவார்? அது அவருடைய உரிமை, நெட்வொர்க்தான் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஒரு மிஸ்டு கால் கோர் நெட்வொர்க்கில் என்னவெல்லாம் செய்கிறது என்று பாருங்கள். கூப்பிடுகிறவரை ஆதென்டிகேட் செய்ய வேண்டும். ப்ரீபெய்டு என்பதால் பேலன்ஸ் கணக்கை வைத்திருக்கும் ஐஎன்னிடம் பேலன்ஸ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கூப்பிடப்படுகிறவர் எங்கே இருக்கிறார் என்று சந்தாதாரர் பதிவேடான ஹெச்எல்ஆரிடம் கேட்க, அது அந்தப் பக்கத்து விஎல்ஆரிடம் (அந்த எம்எஸ்சி பகுதியில் இப்போது இருப்பவர்களின் தற்காலிகப் பதிவேடு) ரோமிங் நம்பர், அதாவது காலை அங்கே அனுப்ப ஒரு தற்காலிக எண், வாங்கித் தர வேண்டும். ட்ரங்க் பிடித்து, அந்த லொகேஷன் ஏரியாவில் (செல்களின் ஒரு தொகுப்பு) உள்ள அத்தனை செல்லிலும் போனைத் தேடும் பேஜிங் போய், போன் பதில் சொல்லி, ரிங் அடிக்கும். அப்புறம் கட். பேச்சைத் தவிர எல்லாமே முழுசாக நடந்துவிட்டது. பில்லில் பூஜ்யம், எர்லாங்கில் கிட்டத்தட்ட பூஜ்யம், சிபியுவில் ஒரு முழு கால். இதற்கு மேல் ரீசார்ஜ் செய்தவுடன் பேலன்ஸ் ஏறிவிட்டதா என்று யுஎஸ்எஸ்டி (*, # வைத்து அடிக்கும் குறியீடு) போட்டுப் பார்ப்பார்கள், ஒவ்வொரு கால் முடிந்ததும் இன்னொரு தடவை பார்ப்பார்கள்.

2009-ல் டாடா டோகோமோ விநாடிக்கு ஒரு பைசா என்று ஆரம்பித்து, மற்றவர்களும் பின்னாலேயே போனபோது இது இன்னும் மாறியது. நிமிஷக் கணக்கு இருந்தவரை காசு போய்விட்டதே என்று அந்த நிமிஷம் முடியும்வரை பேசினவர்கள், பத்து விநாடியில் விஷயத்தைச் சொல்லிவிட்டு வைத்தார்கள். சராசரி கால் நேரம் இறங்கியது, அட்டெம்ப்ட் ஏறியது. ஆகவே மார்க்கெட்டிங் ஆட்கள் என்ன பிளானை எந்தத் தேதியில் விடுகிறார்கள் என்பது எத்தனை சிம் விற்கப்போகிறார்கள் என்பதைவிட கோர் டீமுக்கு முக்கியம். மாதாமாதம் அவர்களோடு உட்கார்ந்து வாங்கிக்கொள்ளுங்கள், மெயிலில் தானாக வராது. இரவு இலவசமாகப் பேசலாம் என்று ஒரு பிளான் வந்தால் உங்கள் மெயின்டனன்ஸ் விண்டோவே நகர்ந்துவிடும். எங்களுக்கு நள்ளிரவில் ஆரம்பிக்க வேண்டிய வேலை அப்படித்தான் இரண்டு மணிக்குத் தள்ளிப்போனது.

அடுத்து சிக்னலிங் லிங்க், அதாவது காலை இணைக்கத் தேவையான மெசேஜ்கள் போகும் பாதை. ப்ராசசரில் இடம் இருக்கும், ட்ரங்க் காலியாக இருக்கும், ஆனாலும் கால் போகாது. அப்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். எஸ்எஸ்7 என்ற சிக்னலிங் முறையில் 64 கேபிபிஎஸ் லிங்க்குகளை சாதாரண நேரத்தில் 0.2 எர்லாங் லோடுக்கு மேல் போகாமல் வைத்திருப்பது வழக்கம். ஒரு பாதை விழுந்தால் மற்றது 0.4-ல் தாங்க வேண்டும் என்பதற்காக அந்த இடைவெளி. வளர்ச்சி வேகமாக இருக்கும்போது இந்த 0.2 எப்போது 0.5 ஆனது என்று யாருமே கவனித்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் எல்லாம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஒரு லிங்க் போகும் நாளில்தான் தெரியும்.

அப்படி ஒரு நாள் ராஞ்சி பக்கம் இருந்த திருநெல்வேலித் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, எட்டு லிங்க் இருந்த இடத்துல ஒன்பதாவது, பத்தாவதும் போட்டாச்சு. லோடு இறங்கவே மாட்டேங்குதே?" இறங்காது. மெசேஜை எந்த லிங்க்கில் அனுப்புவது என்று முடிவு செய்கிற எஸ்எல்எஸ் வெறும் நான்கு பிட், 0-விலிருந்து 15 வரை பதினாறு மதிப்புதான். எட்டு லிங்க் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பு. பத்து லிங்க் போட்டால் ஆறு லிங்க்குக்கு இரண்டு, நான்கு லிங்க்குக்கு ஒன்று. அதிக லோடு உள்ள லிங்க் முன்பு எவ்வளவு சுமந்ததோ அதையேதான் சுமக்கும். பதினைந்து வரை போட்டாலும் அதே கதை, பதினாறில்தான் பாதியாகும். "ஒண்ணு பதினாறா போடு, இல்லன்னா எட்டோட நிறுத்திட்டு அந்த ஈ1-ஐ வேற எதுக்காவது வச்சுக்கோ" என்றேன். ஈ1 என்பது பல சேனல்களைச் சுமக்கும் ஒரு டிஜிட்டல் லைன். கடைசியில் சிக்னலிங்கை ஐபி நெட்வொர்க் மேல் அனுப்பும் சிக்டிரானுக்கு மாறிய பிறகுதான் இந்தத் தலைவலி போனது. இன்று புதிதாக வருகிறவர்களுக்கு இது பழங்கதை மாதிரி இருக்கலாம். ஆனால் எந்த லோடு ஷேரிங்காக இருந்தாலும் சராசரியைப் பார்க்காமல் அதிகம் சுமக்கிற ஒன்றைப் பாருங்கள் என்ற பாடம் 4ஜியின் சிக்னலிங் முறையான டயமீட்டர் காலத்திலும் அப்படியே பொருந்தும்.

ஹெச்எல்ஆருக்கு வருகிறேன். இங்கே பிரச்சனை தலைகீழ். வேலையே செய்யாத சிம்கள்தான் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. 2005 இறுதியில் லைஃப்டைம் வேலிடிட்டி பிளான்கள் வந்த பிறகு, தூக்கிப் போட்ட சிம்கூட கணக்கில் உயிரோடு இருந்தது. விற்காமல் கடையில் தொங்குகிற சிம்முக்கும் ஹெச்எல்ஆரில் ஏற்கனவே இடம் ஒதுக்கியிருப்பார்கள். அப்புறம் இரண்டு சிம் போன்கள் வந்தன. ஒரே ஆள், இரண்டு ஆபரேட்டர், பேசுவது எதில் மலிவோ அதில். இரண்டு சிம்மும் விஎல்ஆரில் பதிவாகி, இங்கே இருக்கிறேன் என்று லொகேஷன் அப்டேட் அனுப்பிக்கொண்டிருக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பின்னாளில் விஎல்ஆர் கணக்கை வெளியிட ஆரம்பித்தபோது, நாட்டில் இருக்கும் மொத்த இணைப்புகளில் சுமார் 70 சதவீதம்தான் உண்மையில் இயங்குகிறது என்று தெரிந்தது. கோர் டீமில் இருந்த யாரும் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே ஹெச்எல்ஆர் விரிவாக்கத்துக்கு காசு கேட்பதற்கு முன் சுத்தம் செய்யுங்கள். கடைக்குப் போகும் சிம்களை முதல் முறை நெட்வொர்க்கைத் தொடும்போது மட்டும் முழுசாக உருவாக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். ஆனால் நீக்குவதில் அவசரம் வேண்டாம். குஜராத்துக்கோ பஞ்சாபுக்கோ வேலைக்குப் போனவர் ஊர் சிம்மைப் பெட்டியில் வைத்துவிட்டு வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வந்து போடுவார். அவருக்கு அந்த எண்தான் ஊரின் முகவரி.

அவர் திரும்பி வருவது, சூரியனை வழிபடும் பீகாரின் பெரிய பண்டிகையான சட் பூஜைக்கு. தீபாவளி முடிந்து ஆறாம் நாள். பீகாரில் வேலை பார்த்த எந்த டெலிகாம்காரரும் அந்த வாரத்தை மறக்க முடியாது. டெல்லி, லூதியானா, சூரத், மும்பை என்று எல்லா இடத்திலிருந்தும் ஸ்பெஷல் ரயில்களில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். இவர்கள் கையோடு கொண்டுவரும் வெளியூர் சிம்கள் எங்கள் ஹெச்எல்ஆரில் இல்லை, சந்தாதாரர் எண்ணிக்கையிலும் இல்லை. முகல்சராய் வரை உத்தரப்பிரதேச கிழக்கு சர்க்கிள், பக்ஸரில் எங்கள் சர்க்கிள். ஒரு ரயில் எல்லையைத் தாண்டும்போது அதில் இருக்கும் அத்தனை போனும் ஒரே நேரத்தில் புதிய விஎல்ஆரில் பதிய வரும். ஒவ்வொன்றுக்கும் சொந்த சர்க்கிளின் ஹெச்எல்ஆரிலிருந்து ஆதென்டிகேஷன் விவரம் வர வேண்டும், லொகேஷன் அப்டேட் போக வேண்டும், சந்தாதாரர் விவரம் இறங்க வேண்டும். ப்ரீபெய்டு ரோமர் என்றால் அவர் செய்யும் ஒவ்வொரு காலுக்கும் கேமல் என்ற ரோமிங் சிக்னலிங் முறை வழியாக டெல்லியிலோ மும்பையிலோ உள்ள ஐஎன்னைக் கேட்க வேண்டும். பக்ஸர் பக்கத்து செல்களின் லொகேஷன் அப்டேட் வரைபடத்தைப் பார்த்தால் ரயில் எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்லிவிடலாம், அவ்வளவு நேர்த்தியாக ஒவ்வொரு முனையும் நிமிர்ந்து நிற்கும்.

மாலையில் அஸ்தமனத்துக்கு அர்க்யம், மறுநாள் விடியலில் உதயத்துக்கு அர்க்யம். பாட்னாவில் கங்கைக் கரை முழுக்க மக்கள். பிஸி ஹவர் என்று நாம் எக்ஸெலில் எழுதி வைத்திருப்பது இரவு ஏழிலிருந்து ஒன்பது, ஆனால் அன்றைக்கு அதிகாலையில் ஒரு பிஸி ஹவர் வரும். ஊர் தூங்கும்போது ஓடவிடும் பேக்கப் ஜாப்கள், சிடிஆர் (ஒவ்வொரு காலின் பில்லிங் பதிவு) ஃபைல் பரிமாற்றம், ஹெல்த் செக் எல்லாம் அந்த நேரத்தில்தான் ஷெட்யூல் ஆகியிருக்கும். அந்த வாரத்துக்கு அதையெல்லாம் நகர்த்தி வையுங்கள். விஎல்ஆரில் எத்தனை பேர் பதியலாம் என்ற லைசென்ஸை பண்டிகை உச்சத்துக்குப் போடுங்கள், சாதாரண மாதத்தின் சராசரிக்குப் போடாதீர்கள். உங்கள் ஊரில் அது சட் ஆக இல்லாமல் பொங்கலாக இருக்கலாம், ஓணமாக இருக்கலாம். வெளியூரில் இருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று ரயில்வே அறிவிக்கும் ஸ்பெஷல் ரயில்களைப் பார்த்தாலே ஒரு அளவு கிடைக்கும்.

பெரிய மாற்றம் என்றால் அது பழைய எம்எஸ்சிகளை எடுத்துவிட்டு எம்எஸ்சி சர்வர், மீடியா கேட்வே என்று பிரித்ததுதான். மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் ரிலீஸ் 4-ல் வந்த அமைப்பு இது. கட்டுப்பாடு எல்லாம் பாட்னாவில் ஒரு சர்வரில், பேச்சு போகும் மீடியா கேட்வேக்கள் முசாஃபர்பூர், பாகல்பூர், ராஞ்சி மாதிரி இடங்களில். முசாஃபர்பூர்க்காரர் பக்கத்துத் தெருவுக்குப் பேசினால் பேச்சு பாட்னா வந்து திரும்ப வேண்டியதில்லை. ட்ரான்ஸ்மிஷன் மிச்சம், புதிதாக ஆட்கள் சேர்ந்தால் ஒரு கேட்வேயைக் கூடுதலாக வைத்தால் போதும். வேகமாக வளரும் நெட்வொர்க்குக்கு இதைவிட நல்ல அமைப்பு அப்போது இல்லை, இன்றும் அதை ஆதரித்துத்தான் பேசுவேன்.

ஆனால் விலை ஒன்று உண்டு, அதை விற்கிறவர்கள் ஸ்லைடில் போட மாட்டார்கள். பழைய எம்எஸ்சி ஒரு ஊரில் இருந்தால், ஃபைபர் அறுந்தாலும் அந்த ஊருக்குள் பேச முடியும். கேட்வே அப்படி இல்லை. சர்வரோடு இருக்கும் கட்டுப்பாட்டு இணைப்பு போனால் பக்கத்து வீட்டுக்குக்கூட கால் போகாது. 2008 ஆகஸ்டில் குசஹாவில் கோசி ஆற்றின் கரை உடைந்து சுபால், மாதேபுரா, சஹர்சா, அராரியா, பூர்ணியா என்று மாவட்டம் மாவட்டமாக வெள்ளத்தில் மூழ்கியபோது, இணைப்பு போனால் என்ன ஆகும் என்ற கேள்வி எங்கள் முன்னால் வெறும் வரைபடமாக இல்லை. வெள்ளத்தில் நிற்கிற மனிதருக்கு அந்த ஒரு கால் எவ்வளவு பெரிது என்று சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு கங்கையைத் தாண்டும் இணைப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் காலால் நடந்து சரிபார்க்கச் சொன்னோம். காகிதத்தில் இரண்டு தனித்தனிப் பாதை, இரண்டு வேறு நிறம். நேரில் போனால் இரண்டு கேபிளும் ஒரே காந்தி சேது பாலத்தின் மேல் ஒரே பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. அதே ஆற்றின் வேறொரு பாலம் வழியாக ஒரு பாதை கிடைக்கும்வரை மைக்ரோவேவில் ஒரு மாற்று வைத்தோம். கட்டுப்பாட்டு இணைப்புக்கு அதிக பேண்ட்வித் தேவையில்லை, ஆகவே அதற்கு மட்டுமாவது தனியாக ஒரு வழி செய்வது கஷ்டமே இல்லை. உங்கள் கோரை ஒரே இடத்தில் குவிக்கும்போது முதலில் பாலங்களைப் பாருங்கள்.

இனி கட்ஓவர் இரவு, அதாவது பழைய இயந்திரத்திலிருந்து புதியதுக்கு மாறும் இரவு. டவர்களைக் கட்டுப்படுத்தும் ஒரு பிஎஸ்சியைப் பழைய எம்எஸ்சியிலிருந்து புதியதுக்கு மாற்றுவது பார்க்க எளிது, கேபிள் மாற்றம்தான். ஆனால் போனுக்கு எம்எஸ்சி மாறியது தெரியாது. லொகேஷன் ஏரியா கோடு அதேதான் என்றால் போன் சும்மா இருக்கும். ஹெச்எல்ஆர் இன்னும் பழைய விஎல்ஆரையே காட்டிக்கொண்டிருக்கும், வருகிற கால் அங்கே போய் விழும். அவுட்கோயிங் டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகி, எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு இன்கமிங் இல்லை என்று புகார் வருவது இதனால்தான். மாற்றும்போதே லொகேஷன் ஏரியா கோடையும் மாற்றிவிடுங்கள், எல்லா போனும் உடனே அப்டேட் அனுப்பும். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் அனுப்பினால் ஹெச்எல்ஆர் மூச்சு திணறும், ஆகவே செல்களைக் கொத்துக் கொத்தாகத் திறந்துவிடுங்கள். புதிய கோடைப் பக்கத்து எம்எஸ்சிகளிலும் சேர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் எல்லையில் ஹேண்டோவர் (பேசிக்கொண்டே ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது) விழும்.

அதோடு ஒட்டிய இன்னொன்று டி3212 டைமர். போன் எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் என்பது, ஆறு நிமிஷ அலகில். லோடைக் குறைக்க இதை ஒரு மணியிலிருந்து நான்கு மணி நேரமாக்கலாம், நல்ல யோசனைதான். ஆனால் ரேடியோ டீம் பிஎஸ்சியில் இதைக் கூட்டிவிட்டு, கோர் டீம் விஎல்ஆரில் இருக்கும் இம்ப்ளிசிட் டீடாச் டைமரைக் கூட்டாமல் விட்டால், கையில் ஆன் ஆகி இருக்கும் போனை விஎல்ஆர் ஆஃப் என்று எழுதிவிடும். கூப்பிடுகிறவருக்கு ஸ்விட்ச்டு ஆஃப் அறிவிப்பு. எந்த அலாரமும் வராது, புகார் மட்டும் சிதறிச் சிதறி வரும். விஎல்ஆர் டைமர் எப்போதும் டி3212-ஐ விடப் பெரியதாக இருக்க வேண்டும், மாற்றினால் இரண்டு டீமும் ஒரே இரவில் மாற்ற வேண்டும்.

மற்ற ஆபரேட்டர்களோடு இருக்கும் இணைப்புப் புள்ளியான பிஓஐ பற்றி சுருக்கமாகச் சொல்கிறேன். டிராய் அளவு 0.5 சதவீத நெரிசல், 30 சேனல் உள்ள ஒரு ஈ1 அந்த அளவில் 19 எர்லாங்தான் சுமக்கும். உங்கள் பக்கம் எவ்வளவு வேகமாக வளர்ந்தாலும் அந்தப் பக்கம் போர்ட் கிடைக்க மாதக்கணக்கு ஆகும், எனவே எம்எஸ்சி ஆர்டர் போடும் அன்றே போர்ட்டுக்கும் எழுதிவிடுங்கள். 9-ல் தொடங்கும் எண்கள் போதாமல் 8, 7 என்று புதிய தொடர்கள் வந்தபோது, அவற்றைத் திறக்காத ஏதாவது ஒரு எக்ஸ்சேஞ்ச் எப்போதும் இருந்தது. ஒவ்வொரு ஆபரேட்டரிலிருந்தும், லேண்ட்லைனிலிருந்தும் டெஸ்ட் கால் செய்து பார்த்த பிறகே சிம்மைச் சந்தைக்கு விடச் சொல்லுங்கள். 2011 ஜனவரி 20-ல், எண்ணை மாற்றாமல் ஆபரேட்டரை மாற்றும் எம்என்பி நாடு முழுக்க வந்தபோது எண்ணுக்கு முன்னால் ரூட்டிங் எண் சேர்ந்து வர, டிஜிட் டேபிள்களை எல்லாம் மறுபடி ஒரு சுற்று பார்க்க வேண்டி வந்தது.

கட்ஓவர் டெஸ்ட் பட்டியலில் இரண்டை யாரும் சொல்லாமலே சேர்த்துவிடுங்கள். ஒன்று, அவசர எண்கள்: எங்கள் காலத்தில் 100, 101, 102. பாட்னாவில் ஒரே சர்வர் என்றால் பாகல்பூரில் ஒருவர் 100 அடித்தால் பாகல்பூர் போலீஸ் கன்ட்ரோல் ரூமுக்குத்தான் அப்போது போக வேண்டியிருந்தது, பாட்னாவுக்கு இல்லை. செல்லை வைத்து ரூட் செய்து, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆளை அனுப்பி நேரில் அடித்துப் பாருங்கள், எடுப்பவரிடம் டெஸ்ட் கால் என்று சொல்லிவிட்டு. இரண்டு, சிடிஆர். கால் போகிறது என்பதால் காசு வருகிறது என்று அர்த்தமில்லை. சிடிஆரைச் சேகரித்து பில்லிங்குக்கு அனுப்பும் மீடியேஷனில் புதிய எம்எஸ்சியின் ஐடி ஏறியதா, ஃபைல் எடுக்கப்படுகிறதா, புதிய செல் ஐடிகள் பில்லிங்குக்குத் தெரியுமா என்று இரவே ஒரு டெஸ்ட் காலின் ரெக்கார்டைக் கடைசிவரை துரத்திப் பாருங்கள். சட்டப்படியான ஒட்டுக்கேட்பைக் கவனிக்கும் லாஃபுல் இன்டர்செப்ஷன் டீமையும் அதே இரவில் உட்கார வையுங்கள், மறுநாள் அவர்களைத் தேடிப் போக முடியாது.

பழைய எம்எஸ்சியை மட்டும் உடனே அணைத்துவிடாதீர்கள். இடம் வேண்டும், கரண்ட் மிச்சமாகும், டீசல் மிச்சமாகும் என்று ஃபெசிலிட்டி ஆட்கள் மறுநாளே வந்து நிற்பார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் டேட்டாபேஸோடு, ட்ரங்க்கோடு அது ஒரு பண்டிகையைத் தாண்டும்வரை நிற்கட்டும். நாங்கள் மழைக்காலத்தில் மாற்றியதை சட் முடிந்த வாரம்தான் அணைத்தோம்.